இருபதாயிரத்தில் அடித்த மணி

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தில் தொடங்கி, இங்கே நடப்பதை ஒன்றுவிடாமல், கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். காரணத்தைச் சொல்லும் முன் நலம் விசாரித்துவிடுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அப்பாவின் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? சலவைக் கடையில் இஸ்திரி வேலை குறைந்ததா? போன கடிதத்தில் உங்கள் கையெழுத்து வரிக்கு வரி சரிந்துகொண்டே போயிருந்தது. அம்மாகூட "என்ன ஆச்சு இவளுக்கு?" என்று கேட்டாள்.

இப்போது காரணம். நம்மைப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள்! கதைப் படம் இல்லை, ஆவணப்படம். விளையாட்டு இயந்திரங்களில் ஒருவரை ஒருவர் விடாமல் துரத்துகிறவர்களைப் பற்றியது. 'ஓடக்காரன்' இயந்திரத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு போட்டி போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இயக்குநர் ஓர் அக்கா. தொப்பியைக் கழற்றியே நான் பார்த்ததில்லை. அதனால் தொப்பி அக்கா. ஒலிப்பதிவு செய்கிறவர் அப்பா வேலை பார்க்கும் விளையாட்டுக் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிறார். அவரை எல்லோரும் நெட்டை என்கிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

செருப்புக் கடைக்குக் கீழே இறங்கும் படிகள், காலில் ஒட்டும் கம்பளம், சில்லறை மாற்றும் கூண்டு, பின்னால் அப்பா இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மேசை என எல்லாவற்றையும் எடுத்தார்கள். மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும், நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை வெகுநேரம் எடுத்தார்கள். இயந்திரத் திரையில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி. கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தை ஃபிளாஷ் வெளிச்சம் மறைத்திருக்கும். பின்பக்கம் உங்கள் எழுத்தில் "ஆணி இருக்கா?" யார் முந்தினாலும் ஃபோனில் சொல்லக் கூடாது, புகைப்படம்தான் தபாலில் போகவேண்டும், தோற்றவர் அதைத் தன் கண் எதிரே ஆணியடித்து மாட்ட வேண்டும் என்ற உங்கள் சட்டத்தை அப்பா விளக்கினார். தொப்பி அக்காவுக்கு அது போதவில்லை.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

"பேசாம என்ன? மாசத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணி என் மானத்த வாங்குவா."

"ஏதாவது மனஸ்தாபம்? சின்னதா?"

அப்பா நன்றாக யோசித்தார். "சின்ன வயசுல என் பென்சில் எல்லாத்தையும் கடிச்சு வெச்சிடுவா."

"அது போதாதுங்க."

"எனக்குப் போதும் போதும்னு இருந்துச்சு."

என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "நடக்கிறத எழுது. நீ நினைக்கிறத எழுதாத," என்றாள் தொப்பி அக்கா. அந்த விதியை உங்களுக்கு எழுதும் கடிதங்களிலும் பின்பற்ற முடிவு செய்திருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். அவருடைய பேருந்துக்கும்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 17

என் பேனாக்காரிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமா ஒரு சுற்றுக் கூடிவிட்டார். ஸ்டீயரிங்குக்கும் அவருக்கும் நடுவில் இனி காற்றுதான் புகமுடியும். கையெழுத்துக்கு ஒன்றுமில்லை, அவர் ஓட்டும் பேருந்தில் உட்கார்ந்து எழுதினேன். அவர் பிரேக் போட்டால் வரி சரியும்.

படத்தில் வரப்போகிறோமா! உன் அப்பாவிடம் சொல்: தலையை வாரிக்கொள்ளட்டும். படகை இடது கரையோடு ஒட்டி ஓட்டும் பழக்கத்தையும் விடட்டும். முப்பதாயிரத்தில் மணி அடித்து இலவசப் படகு கிடைப்பதற்குள் இரண்டு படகை முதலைக்குக் கொடுத்துவிடுகிறவர் எப்போது என்னைப் பிடிப்பது? என் ஆணி வேலையில்லாமல் துருப்பிடிக்கிறது.

உள்ளது உள்ளபடி எழுதுவது பெரிய வேலை. எழுது. நடுவில் கை வலித்தால் நிறுத்திக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பரீட்சைக்குப் படி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அத்தை

*

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இடது கரையா? அவ வந்து ஓட்டிப் பாக்கட்டும்," என்றார். ஆனால் தலை வாரிக்கொண்டார். அவருடைய முழங்காலுக்குத் தைலம் வாங்கியிருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி? பதிலில் அதைத் தவிர எல்லாம் இருந்தது.

நேற்று ஓடக்காரனைச் சுத்தம் செய்தோம். என் கை சிறியது என்பதால் உள்ளே தூசி தட்டுவது எப்போதும் என் வேலை, உங்களுக்குத் தெரியும். இந்த முறை கேமராவுக்கு முன்னால். பின்கதவைத் திறந்ததும் அப்பா உள்ளே டார்ச் அடித்து, பச்சைப் பலகையில் பால்பற்கள் போல வரிசையாக இருக்கும் குட்டிச் சுவிட்சுகளைக் காட்டினார். எத்தனை படகு, ஆறு எவ்வளவு வேகம், இலவசப் படகு எப்போது என்பதையெல்லாம் தீர்மானிப்பவை அவைதானாம். "ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி வெச்சிருக்கோம். இதுல ஒண்ணு நகந்தாலும் அத்தை என்னைத் தொலைச்சிடுவா," என்றார். பிறகு முதலாளி கூப்பிட்டதால் மேலே போய்விட்டார்.

நான் பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினேன். தொப்பி அக்காவுக்குத் திருப்தி இல்லை. "இன்னொரு தடவை பண்ணு பாப்பா. கொஞ்சம் வேகமா. தூசி பறக்கணும், வெளிச்சத்துல அழகா இருக்கும்." இரண்டாம் முறை வெளிச்சம் சரியில்லை. மூன்றாம் முறை நன்றாகவே தேய்த்தேன். பிரஷ்ஷின் தகரப் பட்டை எதிலோ 'டக்' என்று இடித்தது. தூசி உண்மையிலேயே அழகாகப் பறந்தது. "படத்தோட முதல் காட்சியே இதுதான்!" என்றாள் அக்கா. அத்தை, நான் முதல் காட்சி!

என் தலைமுடி கலைந்திருந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். உங்கள் இருவருக்கும் எங்கள் மூவரின் அன்பு.

உங்கள் மருமகள்

*

மார்ச் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். உறையில் இருப்பதை முதலில் பார்த்திருப்பீர்கள். ஆமாம். ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஓராயிரத்து நூறு. பின்பக்கம் எழுதியிருப்பது அப்பாதான்.

எல்லோரும் நலம், நலத்துக்கும் மேலே. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நெட்டை, இயந்திரத்தின் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் தன் பெட்டியில் செருகிக்கொண்டார். அப்போதுதான் சத்தம் சுத்தமாகப் பதிவாகுமாம். அதனால் கூடத்தில் யாருக்கும் விளையாட்டின் ஒலி கேட்கவில்லை. "சத்தம் இல்லாம ஆடறது காதைப் பொத்திக்கிட்டு ரோடு கடக்கற மாதிரிங்க," என்று அப்பா முணுமுணுத்தார். குறிப்பு எழுதுவதற்காக எனக்கு ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். ஆகவே ஆற்றின் இரைச்சலும் முதலையின் வாயும் எனக்கும் நெட்டைக்கும் மட்டுமே கேட்டன.

அப்பா எண்களைப் பார்க்கவே மாட்டார், உங்களுக்குத் தெரியும். கண் ஆற்றிலேயே இருக்கும். நான்தான் பார்த்தேன். இருபதாயிரத்தில் முதல் மணி அடித்தது. பிறகு நாற்பதில், அறுபதில். ஒவ்வொன்றையும் குறித்திருக்கிறேன். தொண்ணூறைத் தாண்டியபோது முதலாளி கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டார். மற்ற இயந்திரங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் காசு வீணாகிறதே என்று பார்க்காமல் வந்து நின்றார்கள். உங்கள் எண்ணைத் தாண்டியது அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

கடைசிப் படகு மூழ்கியதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்பளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், முழங்காலை மறந்து. "இன்னிக்கு படகு தீரவே இல்ல," என்றார். நான் பார்த்ததில் அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

இயந்திரத்துக்கு ஞாபகசக்தி கிடையாதே. அணைத்தால் எண் போய்விடும். அதனால் அணைக்கவே கூடாது என்று முதலாளி உத்தரவு. இரவில் மேலே ஒரு துணி போர்த்திவிட்டு வருகிறோம். துணிக்குள்ளே வெளிச்சம் தெரிகிறது.

கோபம் இல்லையே? ஆணி இருக்கிறதா?

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 2

என் பேனாக்காரிக்கு,

நலம். ஆணி அடித்தாயிற்று. மாமா அடித்தார். சலவைக் கடையில் என் இஸ்திரி மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் பேருந்து அட்டவணையா என்று கேட்கிறார்கள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மிக நன்றாகக் குறித்திருக்கிறாய். வேறு யாராயிருந்தாலும் இவ்வளவு கவனித்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் சந்தோஷமாக இருக்கிறாரா? அதை மட்டும் எழுது.

அத்தை

*

ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலமா?

அப்பா சந்தோஷமாக இருக்கிறார். சீட்டியடிக்கிறார். புதுச் செருப்பு வாங்கினார். பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவர் இப்போது முன்வாசல் வழியாகப் போகிறார், ஏனென்றால் முதலாளி படிக்கட்டில் பலகை வைத்து அப்பாவின் எண்ணை எழுதியிருக்கிறார். போகிற வழியில் சின்னப் பசங்கள் "ஓடக்காரர் வர்றாரு டோய்!" என்று ஒதுங்குகிறார்கள். ஜூலையில் படத்தை முதன்முதலாக நம் கூடத்திலேயே திரையிடப் போகிறார்களாம். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

போன ஞாயிறு விசிறியில் தூசி அடைத்துவிட்டது என்று இயந்திரத்தின் பின்கதவைத் திறந்தேன். அணைக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

ஒரு சந்தேகம். பள்ளியில் அறிவியல் கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன். மிகச் சிறிய சுவிட்ச் ஒன்று, உதாரணமாக வரிசையில் நாலாவது, யாரும் தொடாமல் தானாகவே நகருமா? சூட்டினாலோ அதிர்வினாலோ? அப்படி நகர்ந்தால் எப்போது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? அப்பாவிடம் கேட்கவில்லை, அவருக்கு வேலை அதிகம்.

மாமாவுக்கு வணக்கம். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உங்கள் மருமகள்

*

மே 30

என் பேனாக்காரிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கடையில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்துவிட்டன. நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

படக்காரர்கள் வந்தார்கள். உன் நெட்டை எங்கள் கடையின் விளக்கை இடித்து உடைத்தார். தொப்பிக்காரி என்னை உன் அப்பாவின் புகைப்படத்துக்குக் கீழே நிற்கவைத்தாள். "கொஞ்சம் ஏக்கமா பாருங்க," என்றாள். "இஸ்திரி சூடா இருக்கும்போது ஏக்கமா பாத்தா சட்டை கருகிடும்மா," என்றேன். "அண்ணனை மறுபடி முந்தப் பாப்பீங்களா?" என்றாள். இல்லை, இனி ஆடமாட்டேன் என்றேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்று முறை சொன்னேன்.

உன் சந்தேகம்: தானாக நகராது. கட்டுரையில் நல்ல மதிப்பெண் வாங்கு. அதிகம் யோசிக்காதே, தூங்கு, சாப்பிடு.

அத்தை

*

ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று நீங்கள் கேட்டால் நலமில்லை என்றுதான் எழுதவேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை.

தொப்பி அக்கா படத்தில் ஒரு துண்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். அதில் அப்பா கம்பளத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் நீங்கள் வருகிறீர்கள். இஸ்திரிப் பெட்டியைத் தடால் என்று வைக்கிறீர்கள். "இனிமே ஆடமாட்டேன்." அவ்வளவுதான். நீங்கள் சொன்ன சட்டை கருகும் நகைச்சுவை இல்லை. பின்னணியில் கனமான ஓர் இசை.

அப்பா எழுந்துவிட்டார். "என்னங்க இது? அவ அப்படிப்பட்டவ இல்ல."

"அவங்க வாயால சொன்னதுதாங்க."

"சொல்லியிருப்பா. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கமாட்டா."

அன்று மாலை உங்களுக்கு ஃபோன் செய்தார். மாமா எடுத்து, நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். மறுநாளும் அப்படியே. இப்போது அப்பா சீட்டியடிப்பதில்லை. நேற்று உங்கள் பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தோத்தா சிரிச்சுக்கிட்டே திட்டுவாளே. நெஜமாவே கோவமா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய் அறிவியல் கட்டுரை.

கட்டுரை எதுவும் இல்லை, அத்தை. நாலாவது சுவிட்ச் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. இலவசப் படகுக்கான சுவிட்ச். மூன்றாம் முறை தேய்த்தபோது 'டக்' என்று இடித்தது அதுதான். முப்பதாயிரத்துக்கு ஒரு படகு வரவேண்டிய இடத்தில் அப்பாவுக்கு இருபதாயிரத்துக்கு ஒன்று வந்தது. முப்பது என்று நீங்களே பிப்ரவரியில் எழுதியிருந்தீர்கள். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். அப்படியிருந்தும் ஹெட்போனில் மணி கேட்டபோது உறைக்கவில்லை. ஏப்ரலில் பார்த்ததும் சுவிட்சைச் சரிசெய்ய நினைத்தேன். இயந்திரத்தை அணைத்துப் போட்டால்தான் மாற்றம் ஏறும். அணைத்தால் எண் போய்விடும். அதனால் கதவை மூடிவிட்டு வந்து உங்களுக்குப் பொய் எழுதினேன்.

உங்களிடமிருந்து நான் ஒன்றைத் திருடி அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு அது திருட்டுப் பொருள் என்று தெரியாது. உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று பெரிதாகச் சொன்னவள் நான்.

என்னைத் திட்டி எழுதுங்கள். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தால் சொல்லுங்கள்.

மருமகள்

*

ஜூன் 28

பேனாக்காரிக்கு,

இதை எழுதுவது மாமா. சொல்வது உன் அத்தை. சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், மை கலைந்திருக்கிறது என்கிறாள். (அழுதது அவளும்தான். மாமா.) தேவையில்லாததை எழுதவேண்டாம் என்கிறாள்.

இனி அவள் சொல்வது:

எனக்கு மார்ச்சிலேயே தெரியும். "இருபதாயிரத்தில் முதல் மணி" என்று நீ எழுதியிருந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அதனால்தான் மூன்று முறை படித்தேன். அண்ணன் ஏமாற்றுகிற ஆளில்லை. அதற்கு முந்தைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், பிரஷ் இருந்தது. நீ கட்டுரை என்று எழுதியபோது உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சின்னப் பெண்ணை இரண்டு மாதம் தனியாகச் சுமக்கவிட்டேன். திட்டு வாங்கவேண்டியவள் நீ இல்லை.

அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. அது அவ்வளவு நல்ல எண்ணமில்லை. என் வலது மணிக்கட்டு போய்விட்டது. குளிர்காலத்திலிருந்தே. இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவதற்கே இரண்டு கை வேண்டும். படத்தில் தடால் என்று வைத்தேனே, அது கோபமில்லை, கை நழுவியது. கையெழுத்து பேருந்தில் எழுதியதால் சரியவில்லை. (என் பிரேக்கைக் குறை சொல்லியிருக்கிறாள்! மாமா.) அண்ணனின் ஆட்டம் செல்லாது என்று நான் சொன்னால், வா, மறுபடி போட்டி போடலாம் என்பார்கள். கேமரா முன்னால் நின்று, முதல் முதலைக்கே படகைக் கொடுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். தோற்றவளாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அதற்காக அவரைப் பொய்யான வெற்றியில் உட்காரவைத்தேன். ஃபோனை எடுக்காததும் அதனால்தான். அவர் குரலில் சந்தோஷம் கேட்டால் தாங்காது.

அவருக்குத் தெரியவேண்டும். படம் போடுவதற்கு முன்னால். நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?

அம்மாவையும் உன்னையும் அண்ணனையும் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள். (என் தொப்பையைப் பற்றி யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன், அது நலம். மாமா.)

கீழே கையொப்பம் அவளுடையதுதான். இவ்வளவுதான் முடிந்தது.

அத்

*

ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கும், எழுதிக் கொடுக்கும் மாமாவுக்கும்,

நலம் விசாரிப்பையும் வணக்கத்தையும் இப்போதே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத முடியாமல் போகலாம். இங்கே மூவரும் நலம். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று அம்மா சொல்கிறாள். அடுத்த வாரம் அப்பா அங்கே வருகிறார், நானும் வருகிறேன். எல்லோருக்கும் எங்கள் அன்பு. இனி நடந்தது.

நான் சொன்னேன். உடனே இல்லை. மூன்று முறை அப்பாவின் மேசைக்குப் போய், ஸ்க்ரூட்ரைவர் வேண்டுமா, தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாலாம் முறை அவர் ஓர் ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னிக்கு மணி இருபதாயிரத்துல அடிச்சுது."

சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார். பற்றவைத்த இடம் ஆறும்வரை ஊதினார். இழுத்துப் பார்த்தார். பிறகுதான் திரும்பினார்.

"எந்த சுவிட்சு?"

"நாலாவது. என் பிரஷ் பட்டிருக்கு."

அவர் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. சொன்னவுடன் நம்பிவிட்டார். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஏப்ரல்ல."

"இப்ப ஜூலை," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உங்கள் கையைப் பற்றிச் சொன்னபோதுதான் கோபம் வந்தது. மேசையை ஓங்கித் தட்டினார். "ஆணிய மாமாதான் அடிச்சாருன்னு எழுதியிருந்தாளா? அதை ஏன் என்கிட்ட வாசிக்கல?" வாசித்தேன் என்றேன். "ஆமா, வாசிச்ச. நான் சிரிச்சேன்," என்றார். பிறகு, "அவளுக்குக் கை போயிருக்கு, நான் ஆணி இருக்கான்னு எழுதி அனுப்பியிருக்கேன்," என்று உங்கள் புகைப்படத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து அவர் பின்வாசல் வழியாகத்தான் போகிறார்.

நேற்று படம். கூடத்தில் நாற்காலிகள் போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். செருப்புக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் அப்பா முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவிட்சையும் மணியையும் பற்றிச் சொன்னார். "என் ஆட்டம் செல்லாதுங்க. என் தங்கச்சி எண்ணுதான் எண்ணு." என் பெயரை எடுக்கவில்லை. "சுத்தம் பண்றப்ப நகந்துடுச்சு," என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து, "நான்தான் நகத்தினேன்," என்றேன். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். தொப்பி அக்கா அப்பாவை ஓரமாக இழுத்தாள்.

"ஐயோ, படம் முடிஞ்சிருச்சுங்க! இது யாருக்குத் தெரியப் போகுது?"

"என் தங்கச்சிக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தெரியும்."

"டேப்புலயும் இருக்குங்க," என்றார் நெட்டை, யாரும் கேட்காமலே.

அப்பா ஓடக்காரன் மேலிருந்த துணியை எடுத்தார். அந்த எண் அப்படியே இருந்தது. தொப்பி அக்கா கேமராவைத் தூக்கினாள். அப்பா அவளைப் பார்த்து, "இதை ஒரு தடவைதாங்க பண்ணமுடியும். இன்னொரு தடவை கேட்டா என்கிட்ட இல்ல," என்றார். அவள் தலையசைத்தாள். முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினாள். அவளுக்கு நரைமுடி இருக்கிறது.

அப்பா அணைத்தார். எண் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போயிற்று. யாரோ ஒருவர் "அடடா" என்றார். அப்பா பின்கதவைத் திறந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "உன் கைதான் உள்ள போகும்," என்றார். என் பேனா முனையால் நாலாவது சுவிட்சைப் பழைய பக்கம் தள்ளினேன். அதே 'டக்'. மறுபடி போட்டபோது மேலே வெறும் சுழியங்கள். அப்பா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருடம் துரத்தியதை அவர் நாலு மாதம் கையில் வைத்திருந்தார். முழங்கால் வேறு ஒத்துழைப்பதில்லை; இனி ஒருமுறை வருமா என்று எனக்குத் தெரியாது. அதை நான் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், விதிக்கு மாறாக.

"படத்தை என்ன பண்றது?" என்றாள் தொப்பி அக்கா.

"போடுங்க. எடுத்தது எடுத்ததுதானே. எல்லாரும் உக்காருங்க," என்றார் அப்பா.

முதல் காட்சியே நான் பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறை எடுத்தது. வெளியே போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். அப்பா முன்வரிசையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நெட்டை சுவரோரம் போனார். விளக்குகளை அணைத்தார்.